கோயில் கூரைக்கு ஒரே ஆள் முழுச் சல்லியும் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?

கடற்கரைவீதி (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். எங்களுடையது கல்முனைப் பக்கத்தில் ஒரு சின்னக் கத்தோலிக்கப் பங்கு. பெயர் போடவில்லை. எந்த ஊர் என்று கண்டுபிடித்தாலும் தயவுசெய்து இங்கே எழுதாதீர்கள். பங்குச்சபையில் செயலாளர் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது.

கோயில் கூரையின் ஆயுள் முடிந்துவிட்டது. கடல் காற்றுக்குத் தகரம் எவ்வளவு காலம் தாங்கும்? ஆணி அடித்த இடமெல்லாம் துரு தின்று, பகலில் உள்ளே நின்று அண்ணாந்தால் வெளிச்சம் புள்ளி புள்ளியாகத் தெரிகிறது. போன நத்தார்ப் பூசைக்குப் பீடத்தின் இரண்டு பக்கமும் வாளி வைத்தோம். ஓகனைப் பொலித்தீன் போட்டு மூடியபடியேதான் வைத்திருக்கிறோம். மரத்தில் கறையான் வேறு. இரண்டு பாஸ்மாரைக் கூட்டிவந்து காட்டினோம். ஒருவர் 26 இலட்சம் என்றார், மற்றவர் 31. பங்குக் கணக்கில் கிடப்பது நாலரை இலட்சம்.

இந்த நேரம் பார்த்து, தொண்ணூறுகளில் ஊரைவிட்டுப் போய் இப்போது வெளிநாட்டில் நல்ல நிலையில் இருக்கும் ஒருவர், "முழுச் சல்லியும் நான் தருகிறேன், ஊரில் யாரிடமும் ஒரு சதம் கேட்க வேண்டாம்" என்று பாதருக்கு அழைப்பெடுத்துச் சொல்லியிருக்கிறார். நல்ல விசயம்தான். ஆனால் இரண்டு நிபந்தனை போட்டிருக்கிறார். பெரிய கதவுக்கு மேலே அவருடைய அப்பா அம்மா பெயரில் மாபிள் கல் பதிக்க வேண்டும். வேலையை அவர் காட்டும் கொந்தராத்துக்காரரிடம்தான் கொடுக்க வேண்டும்.

சபைக் கூட்டம் அன்றே இரண்டு பட்டுவிட்டது. பாதர் இந்தப் பங்குக்கு வந்து ஒரு வருசம்கூட ஆகவில்லை. பாவம், "நீங்களே பேசி முடிவுக்கு வாங்கோ" என்று விட்டுவிட்டார். ஆடியில் திருவிழா. ஐப்பசியில் மழை தொடங்கிவிடும், அதற்குள் கூரை ஏறியாக வேண்டும். உங்கள் பங்குகளில் இப்படி வந்தபோது என்ன செய்தீர்கள்?

டச்பார் பொடியன்

வாங்குங்கோ அண்ணன். இதில் யோசிக்க என்ன கிடக்கு? மழை நிபந்தனை பார்த்துத்தான் பெய்யப் போகுதா?

கல்லாற்றுக்காரி

தம்பி சொல்வது சுலபம். எங்கள் பங்கில் நடந்ததைச் சொல்கிறேன்.

எங்களுக்கு ஒரு ஹோல் கட்டித் தந்தது ஒரே குடும்பம்தான். நல்ல ஹோல், குறை சொல்ல மாட்டேன். காற்றாடி, கழிப்பறை எல்லாம் உண்டு. ஆனால் அது வந்த பிறகு நடந்ததைப் பாருங்கள். முந்தி ஓலைக் கொட்டிலில் மறைக்கல்வி வைத்த காலத்தில் சனிக்கிழமை பின்னேரம் நாலு தாய்மார் விளக்குமாறோடு வந்துவிடுவோம், யாரும் கூப்பிடத் தேவையில்லை. புது ஹோலில் பல்ப் ஒன்று எரிந்துபோனால் "அவங்கட ஆக்களுக்குச் சொல்லுங்க" என்கிறார்கள். திறப்பு அந்தக் குடும்பத்துச் சொந்தக்காரர் வீட்டில் இருக்கிறது. மாதர் கூட்டத்துக்கு அவர் வீட்டுப் படலையில் போய் நின்று திறப்புக் கேட்கிறோம். அவர் ஒன்றும் சொல்வதில்லை, நல்ல மனிசன்தான். ஆனாலும் கேட்டுத்தானே வாங்க வேண்டியிருக்கிறது.

31 இலட்சத்தையும் ஊரில் சேர்க்க முடியாது என்று எனக்கும் தெரியும். ஆனால் ஊர்க்காரரிடம் ஒரு சதமும் கேட்காமல் கோயில் கூரை போட்டால், அடுத்த ஓட்டைக்கும் அந்த மனிசனுக்குத்தான் அழைப்பெடுப்பீர்கள்.

மறைக்கல்வி மாஸ்டர்

சபையில் சண்டை பிடிப்பதற்கு முன் சட்டத்தைப் பார்த்தீர்களா? 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தில் 1267ஆவது பிரிவு சரியாக உங்கள் பிரச்சினைக்கென்றே எழுதியதுபோல இருக்கிறது. அதில் மூன்று விசயம் உண்டு.

கோயில் பொறுப்பில் இருப்பவரின் கையில் கொடுக்கும் காணிக்கை, வேறுமாதிரித் தெளிவாகத் தெரிந்தாலன்றி, அந்த ஆளுக்கு அல்ல, கோயிலுக்கே கொடுத்ததாகக் கொள்ளப்படும். நியாயமான காரணம் இல்லாமல் காணிக்கையை மறுக்கக் கூடாது. அதேநேரம் நிபந்தனையோடு வரும் காணிக்கையை ஏற்பதற்கு ஆயரின் அனுமதி வேண்டும். குறிப்பிட்ட ஒரு நோக்கத்துக்குக் கொடுத்ததை அந்த நோக்கத்துக்கு மட்டுமே செலவழிக்கலாம்.

ஆகவே மாபிள் கல்லும் கொந்தராத்தும் உங்கள் சபை கை உயர்த்தி முடிக்கிற விசயமே இல்லை. பாதர் எழுத்தில் ஆயர் இல்லத்துக்கு அனுப்ப வேண்டும். முந்தி திருகோணமலையோடு சேர்ந்திருந்த காலம் என்றால் இழுபடும் என்று சாட்டுச் சொல்லலாம். 2012இல் மட்டக்களப்பு தனி மறைமாவட்டம் ஆகிவிட்டது, அம்பாறை மாவட்டமும் அதற்குள்தான். கல்முனையிலிருந்து ஒரு பஸ்.

இன்னொன்று. பங்குச்சபை ஆலோசனை சொல்லும் சபை மட்டும்தான், 536ஆவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. ஆனால் நிதிக்குழு ஒவ்வொரு பங்கிலும் கட்டாயம் இருக்க வேண்டும், அது 537. உங்கள் பங்கில் நிதிக்குழு என்று ஒன்று உண்டா?

கடற்கரைவீதி

பெயரளவில் இருக்கிறது மாஸ்டர். மூன்று பேர். ஒருவர் கட்டாருக்குப் போய்விட்டார்.

சூரிச் மச்சான்

இவ்வளவு நேரமும் பேசாமல் வாசித்துக்கொண்டிருந்தேன். இனி முடியவில்லை.

வெளிநாட்டில் இருக்கிறவன் என்றால் உங்களுக்கு ஒன்றில் வங்கி, இல்லாவிட்டால் பெருமைக்காரன். எங்களுக்கு வருகிற அழைப்புகளைக் கேளுங்கள். பள்ளிக்கூடத்து மதில், கிரிக்கெட் கழகத்துச் சீருடை, கோயில் கொடிமரம், ஒரு பிள்ளையின் சத்திரசிகிச்சை. எல்லாம் நியாயமானவைதான், கொடுக்கிறோம். இரவு வேலை செய்து கொடுக்கிறோம். கொடுத்த பிறகு கூரை ஏறியதா என்று ஒரு படம் அனுப்ப ஊரில் ஒருவருக்கும் நேரம் இருக்காது. பேஸ்புக்கில் திருவிழாப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துத்தான் "ஓ, புதுக் கதவு போட்டிருக்கிறார்கள்" என்று தெரிந்துகொள்வோம். அதனால்தான் நம்பிக்கையான ஒரு கொந்தராத்துக்காரரைக் காட்டுகிறோம். எங்களுக்கு அங்கே வேறு கண் இல்லை.

கல்லைப் பற்றி ஒரு வார்த்தை. அந்த மனிதரை எனக்குத் தெரியாது. ஆனால் என் கதையைச் சொல்கிறேன். எங்கள் அம்மா செத்தபோது எனக்கு இங்கே விசா முடிவாகவில்லை. வரமுடியவில்லை. சேமக்காலைக்கு அவவைக் கொண்டுபோனதை ஒருவர் அனுப்பிய கசெட்டில்தான் பார்த்தேன். ஒரு பிடி மண் போடாதவனுக்கு எங்கேயாவது ஒரு கல்லில் அம்மாவின் பெயரை வெட்டிவைக்க வேண்டும் என்று இருக்கும். அதைப் பெருமை என்று மட்டும் சொல்லாதீர்கள்.

கல்லாற்றுக்காரி

தம்பி, நான் பெருமை என்று எழுதவில்லை. ஆனாலும் நீங்கள் சொன்னது மனதைத் தொட்டது. கல் வைக்கட்டும். பெரிய கதவுக்கு மேலே வேண்டாம் என்றுதான் சொல்வேன். அந்தக் கதவால் ஊர் முழுக்கப் போய் வருகிறது. கலியாணமும் அதால்தான், பெட்டியும் அதால்தான்.

வட்டைவிதானை

நான் சம்மாந்துறைப் பக்கம் வட்டையில் வெள்ளாமை செய்கிறவன். எனக்குச் சட்டம் தெரியாது. 78 சூறாவளி தெரியும். நவம்பர் 23, அன்று இரவு எங்கள் கோயில் ஓடு ஒன்றும் மிஞ்சவில்லை. எனக்கு அப்போது பதினொரு வயது. அடுத்த நாள் காலையில் தென்னை எல்லாம் ஒரே பக்கமாகப் படுத்துக் கிடந்தது. வீட்டுக்கே கூரை இல்லை. ஆனாலும் அப்பா ஆட்கள் முதலில் கோயிலைக் கிடுகால் மூடினார்கள். சல்லி ஏது அப்போது? ஒரு வீட்டுக்கு இத்தனை கிடுகு என்று கணக்கு. விழுந்த தென்னையில்தான் ஓலை வேண்டிய மட்டும் கிடந்ததே.

மறுகா சுனாமி வந்தது. நிறுவனங்கள் போட்டி போட்டுக்கொண்டு வந்தன, வேலை செய்தால் கூலி என்றார்கள். பிழை சொல்லவில்லை, அந்த நேரம் அந்தச் சல்லியில்தான் பல அடுப்பு எரிந்தது. ஆனால் அதற்குப் பிறகு சிரமதானம் என்று கூப்பிட்டால் "எவ்வளவு தருவீங்க" என்று கேட்கிற பழக்கம் வந்துவிட்டது. இன்றைக்கும் முழுசாகப் போகவில்லை. அக்கா சொல்லும் ஹோல் திறப்புக் கதையும் அந்த வியாதிதான் என்பது என் எண்ணம்.

இப்போது வெள்ளாமை வெட்டி முடிந்த நேரம். போடிமாரிடம் (பெரிய வயல்காரரிடம்) சல்லி கேட்டால் இழுத்தடிப்பார்கள், நெல் கேட்டால் மூடையாகத் தருவார்கள். ஆனால் ஒன்று. சந்தை விழுந்து கிடக்கும் நேரத்தில் ஈர நெல்லை வாங்கி அன்றைக்கே விற்காதீர்கள். காயவைத்துப் பலகைக்கு மேலே அடுக்கி, விலை ஏறும்வரை வைத்திருந்து கொடுங்கள். எலிக்கு ஒரு வழி பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆல்டோ

பாடகர் குழுவில் இருந்து ஒரு குரல். பெரியவர்கள் எல்லோரும் நெல், கிடுகு என்று பேசுகிறீர்கள். எங்கள் பங்கில் இரண்டு வழிதான் நடக்கும். ஒன்று அதிர்ஷ்டச் சீட்டு, மற்றது உணவு விழா. இரண்டிலும் நின்று வேலை செய்தவள் என்பதால் சொல்கிறேன்.

அதிர்ஷ்டச் சீட்டை யார் விற்பது? மறைக்கல்விப் பிள்ளைகள். ஒரு பிள்ளைக்கு ஒரு புத்தகம், சீட்டு நூறு ரூபாய். பிள்ளை பக்கத்து வீட்டுக்குப் போனால் அந்த வீட்டுப் பிள்ளையின் கையிலும் ஒரு புத்தகம். கடைசியில் அப்பா அம்மாவே முழுப் புத்தகத்தையும் வாங்கிவிடுவார்கள். வாங்க முடியாத வீட்டுப் பிள்ளை அடுத்த ஞாயிறு மறைக்கல்விக்கு வராது. இது எங்கள் வகுப்பில் நடந்தது. சீட்டை வளர்ந்த ஆட்கள் விற்கட்டும். பிள்ளைகளை விட்டுவிடுங்கள்.

கடைகளுக்குச் சீட்டுக் கொண்டுபோனால் முஸ்லிம் முதலாளிமார் வாங்க மாட்டார்கள், சீட்டிழுப்பு அவர்களுக்கு ஆகாது. ஆனால் வெறுங்கையோடு விட்டதும் இல்லை. ஒருவர் சீட்டைத் திருப்பித் தந்துவிட்டு "கோயிலுக்கு எண்டு சொன்னா நேராக் கேளுங்க பிள்ளை" என்று இரண்டு வாளி பெயின்ட் எடுத்து வைத்தார். அவரிடம் சீட்டை நீட்டியதே எங்கள் யோசனைக் குறைவு.

உணவு விழா சந்தோசமானது, ஆனால் கணக்கு? கோழி நாங்கள் கொடுக்கிறோம், அரிசி நாங்கள், சமைப்பது நாங்கள், டிக்கெட் வாங்கிச் சாப்பிடுவதும் நாங்கள். மேடையில் "இலாபம் இவ்வளவு" என்று அறிவிக்கும்போது எல்லோரும் கை தட்டுகிறோம். அது எங்கள் சல்லிதான் ஒரு சுற்றுப் போய் வந்திருக்கிறது. வெளி ஆள் வந்து சாப்பிட்டால்தான் உண்மையில் ஏதாவது சேரும். அதற்குப் பன்றி வைக்காமல், கோழியை முஸ்லிம் கடையில் வாங்கி, அதை வாசலில் எழுதியும் வைத்தோம். பின்னேரம் நாலு மணிக்குப் பக்கத்து ஊர் ஆட்கள் குடும்பமாக வந்தார்கள். கொத்துரொட்டிக் கல்லுக்குப் பக்கத்தில் நின்றவருக்குக் கை ஓயவில்லை. கட்லட்டும் பற்றிசும் ஐந்து மணிக்கே முடிந்தது. அந்த ஒரு முறைதான் கணக்கு நிமிர்ந்தது.

டச்பார் பொடியன்

ஆல்டோ அக்கா சரி. நானும் ஒன்று சேர்க்கிறேன். எங்கள் பறங்கிக் குடும்பங்கள் திரண்டு வரும் இரவுணவு நிகழ்ச்சியில் பைலா தொடங்கினால் கிழவிகள்கூட ஆடுவார்கள், டிக்கெட் விற்கக் கஷ்டமே இல்லை. ஆனால் போத்தல் வந்துவிடும். போன முறை வாசலில் சண்டை, அடுத்த நாள் பூசையில் பாதரின் பிரசங்கம் முழுக்க அதுதான். சல்லி சேர்ந்தது உண்மை.

சல்லி இல்லாவிட்டாலும் எங்கள் வீடுகளில் வெல்டிங்கும் தச்சும் தெரிந்தவர்கள் நிறையப் பேர். கூலி இல்லாமல் நாலு சனிக்கிழமை வரச்சொல்லிக் கேட்டுப் பாருங்கோ. கூலிதான் அரைவாசி தின்னும்.

முகத்துவாரம்

எல்லோரும் எப்படிச் சேர்ப்பது என்று பேசுகிறீர்கள். சேர்த்ததற்கு என்ன நடந்தது என்று கேட்க ஒருவரும் இல்லையா?

எங்கள் பங்கில் மணிக்கூண்டுக்கு என்று சேர்த்தார்கள். கூண்டு பாதி உயரத்தில் நிற்கிறது. சல்லி முடிந்ததா, மிச்சம் இருக்கிறதா, பீடத்துக்கு மாற்றினார்களா? மூன்று பாதர்மார் மாறிவிட்டார்கள். கேட்டால் "அது பழைய கொமிற்றி" என்பார்கள். கேட்டவனுக்கு விசுவாசம் இல்லை என்று பெயர்.

இன்னொரு கேவலம். மாதச் சந்தா அட்டை. அதில் முத்திரை இல்லாவிட்டால் கலியாணத்துக்குக் கடிதம் இல்லை. 2022இல் எண்ணெய் இல்லாமல் போட் எல்லாம் கரையில் ஏற்றிக் கிடந்த காலத்தில், தொழில் இல்லாத ஒருவரின் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கேட்டுப் போனபோது முதலில் சந்தா நிலுவையைக் கட்டச் சொன்னார்கள். அந்த ஆள் கட்டினார், கடன் வாங்கி. அதற்குப் பிறகு அவரைப் பூசையில் காணவில்லை. உங்கள் புதுக் கூரைக்குக் கீழே அவர் இருக்க மாட்டார்.

மறைக்கல்வி மாஸ்டர்

நீங்கள் சொல்வது நடந்திருந்தால் அது சட்டத்துக்கே விரோதம். 848ஆவது பிரிவு: ஞானஸ்நானம், கலியாணம் போன்ற அருட்சாதனங்களுக்கு, மேலதிகாரம் குறித்த காணிக்கைக்கு மேலே ஒன்றும் கேட்கக் கூடாது, ஏழை என்பதற்காக ஒருவர் அவற்றை இழக்கும் நிலை வரக் கூடாது. கணக்கும் அப்படித்தான். மக்கள் கொடுத்ததற்கு மக்களிடம் கணக்குக் காட்ட வேண்டும் என்று 1287 சொல்கிறது. கேட்பது விசுவாசக் குறைவு இல்லை ஐயா. கேட்காமல் வீட்டிலே முணுமுணுப்பதுதான் எங்கள் வியாதி.

ஆல்டோ

மாஸ்டர், எனக்கும் ஒரு கேள்வி. ஒக்டோபரில் மறைபரப்பு ஞாயிறு, பெரிய வெள்ளியில் புனித பூமிக்கு என்று காணிக்கை எடுக்கிறோமே, இந்த வருசம் அவற்றைக் கூரைக்கு வைத்துக்கொள்ளக் கூடாதா? எங்கள் கூரையே ஒழுகுகிறது.

மறைக்கல்வி மாஸ்டர்

கூடாது. சனம் புனித பூமிக்கு என்று நினைத்துப் போட்டதை நீங்கள் தகரத்துக்கு எடுத்தால், முகத்துவாரம் ஐயா சொன்ன மணிக்கூண்டுக் கதைதான் மறுபடியும். பூசைக் கருத்துக்கு, அதாவது தங்கள் வேண்டுதலுக்காகப் பூசை வைக்கச் சொல்லி, கொடுக்கும் சல்லியையும் தொடக் கூடாது. கூரைக்கு வேண்டுமானால் கூரைக்கு என்று சொல்லி எடுங்கள்.

பேரேடு

வங்கியில் வேலை செய்கிறேன், எங்கள் பங்கில் காணிக்கை எண்ணுவதும் நாங்கள் நாலு பேர். முகத்துவாரம் ஐயாவின் கோபத்துக்கு மருந்து பிரசங்கத்தில் இல்லை, நோட்டீஸ் போட்டில் இருக்கிறது.

நாங்கள் செய்வது இது. பூசை முடிந்ததும் உண்டியலையும் கூடைகளையும் சங்கீர்த்தி (பூசைச் சாமான் வைக்கும் அறை) மேசையில் கொட்டுவோம், கதவு திறந்தபடி. யார் வேண்டுமானாலும் எட்டிப் பார்க்கலாம். ஒருவர் தாள், ஒருவர் குற்றி, மூன்றாமவர் திரும்ப எண்ணுவார், நான்காமவர் எழுதுவார். உறவுக்காரர் இருவர் ஒரே நாளில் எண்ணுவதில்லை. நாலு கையொப்பம் விழுந்த பிறகுதான் பை கட்டுவோம், திங்கட்கிழமை வங்கிக்குப் போய்விடும். பாதர் சல்லியைக் கையால் தொடுவதே இல்லை. முதலில் அவருக்கே ஒருமாதிரி இருந்தது, இப்போது நிம்மதி என்கிறார். அவர் மேல் பழி விழ வழியில்லையே.

கூரைக்கென்று தனிக் கணக்குத் திறவுங்கள். எடுப்பதற்கு இரண்டு கையொப்பம், அதில் ஒருவர் பொதுநிலையினர், அதாவது பாதர் அல்லாத ஒருவர். பற்றுச்சீட்டுப் புத்தகத்துக்கு இலக்கம் இருக்கட்டும், கொடுத்த புத்தகம், திரும்பிய புத்தகம் என்று பதிவு வையுங்கள். அதிர்ஷ்டச் சீட்டிலும் இதேதான். அடிக்கட்டை திரும்பாத புத்தகத்தில்தான் பிரச்சினை எல்லாம் தொடங்கும். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு வரவு, செலவு, மிச்சம் மூன்றையும் போட்டில் ஒட்டுங்கள். சூரிச் மச்சானுக்கு அதை ஒரு படம் எடுத்து வட்ஸ்அப்பில் போட்டால் வேலை முடிந்தது. நம்பிக்கையான கொந்தராத்துக்காரரைத் தேடி அவர் அலைய வேண்டியதில்லை. மூன்று பேரிடம் விலைமனு எடுங்கள். அவர் காட்டும் ஆளும் போடட்டும். குறைவாகவும் நல்லதாகவும் இருந்தால் அவருக்கே கிடைக்கட்டும்.

சூரிச் மச்சான்

இது நியாயம். இப்படிச் செய்கிற பங்கு என்றால் நான் நிபந்தனையே போட மாட்டேன்.

சடங்குக்காரன்

நான் உங்கள் கோயில் ஆள் இல்லை, பக்கத்துத் தெரு. அம்மன் கோயில் பக்கம். ஆனால் உங்கள் திருவிழாவுக்குக் கச்சான் வாங்க வருகிறவன், ஆகவே பேச உரிமை உண்டு.

எங்களுக்கு வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு. நாள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு குடிக்கு, அதாவது தாய்வழி வம்சத்துக்கு. இந்த நாள் செலவு இந்தக் குடிக்கு என்று பரம்பரையாக வருகிறது. பெரிய போடியார் முழுச் சடங்கையும் நான் செய்கிறேன் என்று வந்தாலும் விடமாட்டார்கள். மற்றக் குடிக்காரர் எங்கே போய் நிற்பது? அதிலும் வில்லங்கம் இல்லாமல் இல்லை. எந்தக் குடிக்கு முதல் மரியாதை என்று நீதிமன்றம்வரை போன ஊர்கள் இருக்கின்றன. ஆனால் செலவு செய்ய ஆள் இல்லை என்று சடங்கு நின்றதாக எங்கள் பக்கம் நான் கேள்விப்பட்டதில்லை.

கடற்கரைவீதி

நன்றி அண்ணன். எங்களிடமும் திருவிழா நவநாள் ஒன்பதும் அப்படித்தான். ஒரு நாள் மீனவர், ஒரு நாள் விவசாயிகள், ஒரு நாள் ஆசிரியர்கள், இளையோர், மாதர் என்று போகும். ஆனால் அது பூவுக்கும் வெடிக்கும் சிற்றுண்டிக்கும் மட்டும். கூரைக்கு அப்படி ஒருவரும் யோசிக்கவில்லை.

ஏலத்தைப் பற்றியும் கேட்க வேண்டும். திருவிழா அன்று பூசை முடிந்ததும் நேர்ச்சைப் பொருள் ஏலம் கூறுவோம். போன வருசம் ஒரு சேவல். காலைக் கட்டி மேசையில் வைத்திருந்தார்கள், ஒவ்வொரு விலை கூறும்போதும் அது தலையை நிமிர்த்திப் பார்க்கிறது. ஐந்நூறில் தொடங்கி ஆறாயிரத்துக்கு ஒருவர் எடுத்தார். எடுத்தவர் "திரும்பக் கூறுங்க" என்று மேசையிலேயே விட்டார். இரண்டாவது ஆள் நாலாயிரத்துக்கு எடுத்து அவரும் திருப்பித் தந்தார். மூன்றாம் முறை ஒரு கிழவி, தன் கோழிகளுக்குச் சேவல் வேண்டும் என்று ஆயிரத்து இருநூறுக்குக் கேட்டா. கூட்டம் சிரித்தது. ஏலம் கூறியவர் மேலே யாரும் கேட்காமல் சட்டென்று மூன்று தரம் சொல்லி முடித்துவிட்டார். எனக்கு அந்த மனிசனைப் பிடித்துப்போனது. ஆனால் சபையில் சிலர், ஏலம் பணக்காரரின் விளையாட்டு, நிறுத்த வேண்டும் என்கிறார்கள்.

வட்டைவிதானை

நிறுத்த வேண்டாம். ஏலத்தில் சல்லி உள்ளவன் எல்லோர் முன்னாலும் கொடுக்கிறான், சரி. அந்தச் சேவலைக் கொண்டுவந்து வைத்தவள் யார்? அவளிடம் சல்லி இருந்திருக்காது, சேவல் இருந்தது. பூசணியும் தேங்காயும் கொண்டுவருகிறவர்கள் ஏலம் இல்லாவிட்டால் எதைக் கொடுப்பது?

கல்லாற்றுக்காரி

ஓம், அதுதான் என் பேச்சும். தபசு காலம் (ஈஸ்டருக்கு முந்திய நோன்பு) தொடங்கிவிட்டது. பிடி அரிசி போடுங்கள். உலை வைக்கும்போது ஒரு பிடி எடுத்துத் தனியாக ஒரு பேணியில் போடுவது, ஞாயிறு கோயிலுக்குக் கொண்டுவருவது. எங்கள் அன்பியத்தில் (பக்கத்து வீடுகள் சேர்ந்த சபைக் குழுவில்) முதல் முறை செய்தபோது ஒரு கூத்து. நாட்டரிசி, சம்பா, சிவப்பரிசி எல்லாம் ஒரே சாக்கில் கொட்டிவிட்டோம். ஒன்று வெந்தால் ஒன்று வேகாது. கடைசியில் கோழித்தீனுக்கு அரை விலைக்குப் போனது. இப்போது வாசலில் மூன்று வாளி வைக்கிறோம். சிவப்பு நன்றாகப் போகிறது. இடித்து, வறுத்து, புட்டு மாவாகப் பொதி செய்து விற்கிறோம். மாதர் சங்கத்துக்கு வேலை, ஊருக்கு மா.

கரைவலைப் பருவம் தொடங்கினால் மீனவரிடமும் கேளுங்கள். முந்தி எங்கள் கரையில் மீன் விற்ற சல்லியைப் பிரிக்கும்போது கோயிலுக்கு என்று ஒரு பங்கு எடுத்து வைப்பார்கள். வலை வெறுமையாக வந்த நாளில் கோயிலுக்கும் வெறுமைதான், யாரும் கேட்பதில்லை.

முகத்துவாரம்

அரிசியைக் கொடுக்காத வீட்டையும் போட்டில் எழுதுவீர்களோ?

கல்லாற்றுக்காரி

வாளிக்குப் பெயர் எழுத மாட்டோம் ஐயா. யார் எவ்வளவு போட்டது என்று ஒருவருக்கும் தெரியாது. அதற்குத்தான் வாளி.

பேரேடு

ஆனால் எடை பார்த்த பிறகு மொத்தக் கிலோவை எழுத வேண்டும். சிவப்பு இவ்வளவு, வெள்ளை இவ்வளவு, விற்ற விலை இவ்வளவு.

கடற்கரைவீதி

நேற்று இரவு கூட்டம் முடிந்தது, இப்போதுதான் எழுத நேரம் கிடைத்தது.

இந்த இழையில் வந்ததை அச்செடுத்துக் கொண்டுபோய் வாசித்தேன். 1267ஐ வாசித்ததும் பாதரின் முகமே தெளிந்தது, முடிவு தன் தலையில் இல்லை என்று. கடிதம் ஆயர் இல்லத்துக்குப் போகிறது. நிதிக்குழுவுக்குக் கட்டாருக்குப் போனவரின் இடத்தில் ஒரு பெண் வந்திருக்கிறா, பிரதேச செயலகத்தில் கணக்குப் பகுதியில் வேலை செய்கிறவ. கூரைக்குத் தனிக் கணக்கு திறக்கிறோம். முகத்துவாரம் ஐயாவின் சந்தா விசயத்தையும் எடுத்தேன். எங்களிடமும் நிலுவைப் பட்டியல் ஒன்று சங்கீர்த்தியில் தொங்கியது. பாதரே எழுந்து போய்க் கழற்றினார்.

வெளிநாட்டு அண்ணனிடம் நானே பேசினேன். மரத்துக்கும் தகரத்துக்கும் அவர் தரட்டும், கூலியும் மற்றச் செலவும் ஊர் பார்க்கும் என்றேன். விலைமனுவுக்குச் சம்மதித்தார், அரை மனதோடு. கல் பெரிய கதவில் இல்லை, சேமக்காலைச் சிற்றாலயச் சுவரில் வைக்கலாமா என்று கேட்டபோது நீண்ட நேரம் பேசவில்லை. "யோசிச்சுச் சொல்றன்" என்று வைத்துவிட்டார். இன்னும் அழைக்கவில்லை. மறுத்துவிட்டால் என்ன செய்வது என்று சபைக்கும் தெரியாது. ஆயர் இல்லத்துப் பதில் வந்தால் மறுபடி அவரோடு பேச வேண்டும்.

இந்த ஞாயிறு பிடி அரிசி தொடங்குகிறது. மூன்று வாளிக்கு நிறம் அடித்தாகிவிட்டது. ஆனால் எங்களிடம் நல்ல தராசு இல்லை. கடைத் தராசைக் கடன் கேட்டால் காலையில் கடைக்காரருக்கு வேண்டும். கல்முனை, பாண்டிருப்புப் பக்கத்தில் யாரிடமாவது தொங்கு தராசு இருந்தால் சொல்லுங்கள்.

வட்டைவிதானை

என்னிடம் ஐம்பது கிலோவுக்கு உண்டு. சனி பின்னேரம் நெல் மூடையோடு கொண்டுவருகிறேன். ஒருவரைச் சந்தியில் நிற்கச் சொல்லுங்கள், லொறி உங்கள் ஒழுங்கைக்குள் திரும்பாது.